ஷவ்வாலுக்கு முன்னே நின்ற சுவர்

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து ஐந்து வருடம் ஆகப்போகிற சமயம் அது. யுத்தம் முடிந்ததும் அதே வருடம்தான். நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, ஷவ்வால் மாதத்திலேயே, கல்முனைக்குடியில் தங்கச்சிக்கு வீடு கட்டத் தொடங்கினோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சு முற்றாது. மாப்பிள்ளை மருதமுனையில் கைத்தறிச் சாரன் வியாபாரம். வீட்டுக்குப் பெயின்ட்டும் பூசிய பிறகு, மாப்பிள்ளையின் உம்மா காதில் யாரோ ஒரு கதையைப் போட்டார்கள்: "அது புது வீடில்ல. கடல் அடிச்ச பழைய சுவருக்கு மேல பூசி வச்சிரிக்காங்க."

அந்த மாமி கல்யாணத்துக்கு நாள் வைக்க மறுத்தார். பூசிய சுவரின் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படிக் காட்டுவது?

என்னிடம் சாட்சி இருந்தது. அத்திவாரம் வெட்டுவதற்கு முந்திய நாளிலிருந்து, தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்திருந்தேன். அதுவும் ரோ படங்கள், கமரா கண்டதை மெருகு போடாமல் அப்படியே வைத்திருப்பவை. 'செய்து ஒட்டினது' என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாதல்லவா? கமரா இடும் வெறும் இலக்கங்கள் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு படத்துக்கும் பிறை மாதத்தின் பெயரையும் நாளையும் ஆங்கில எழுத்தில் பெயராக இட்டு வைத்தேன்.

இவற்றைத் தொடராக எடிட்டிங் மென்பொருளுக்குள் இறக்கினால் வீடு தானாக எழும்பும். பெயர்கள் ஒரேமாதிரி இல்லாததால், அகரவரிசையில் எடுக்கவா என்று அது கேட்டது. அகரவரிசை என்றால் ஒழுங்குதானே? ஓம் என்று அமத்தினேன். ரோ படங்களின் பாரத்தில் கணினி மூச்சு வாங்கியது. இடையில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. வீடியோ ஒருவழியாகத் தயாரானபோது, பார்க்க வரச்சொன்ன மாமி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கணினியைச் சுற்றி அமர்ந்தோம். முதல் படத்திலேயே இடுப்பளவு சுவர் நின்றது.

"பாத்தீங்களா மச்சி, சுவர் முதல்லயே நிக்கிது!" என்று மாமி என் உம்மாவின் தொடையில் தட்டினார்.

கூரைச் சட்டம் ஏறியது. திடீரென்று வீடு பெயின்ட்டோடு பளபளத்தது. அடுத்த கணம் பெயின்ட் மறைந்தது, ஆட்கள் ஓடு அடுக்கினார்கள். பிறகு வீடே இல்லை, வெறும் மணல். அத்திவாரம் தோண்டி, முழங்கால் உயரச் சுவரோடு படம் முடிந்தது.

"மகன், நீங்க வீட்டைக் கட்டினீங்களா, உடைச்சீங்களா?" என்று மாமி என்னைக் கேட்டார்.

வாப்பா சுவர்க் கலண்டரை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார்.

தேத்தண்ணியோடு வந்த தங்கச்சி திரையைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "காக்கா, ஆங்கில எழுத்துக்கு ஹஜ் மாசம் முன்னுக்கு வரும், நாம வேலை தொடங்கின ஷவ்வால் பின்னுக்குப் போகும். அதுக்குப் பெருநாள் தெரியுமா?"

எடுத்த நேரம் ஒவ்வொரு ரோ படத்துக்குள்ளும் பதிந்திருக்கிறது. அதன்படி அடுக்கி, இலக்கம் போட்டு, அளவையும் சிறிதாக்கி அவளே திரும்ப இறக்கினாள். மாமி இரண்டாவது தேத்தண்ணியையும் குடித்தார்.

இம்முறை மணலிலிருந்து அத்திவாரமும், அத்திவாரத்திலிருந்து சுவரும் ஒழுங்காக எழும்பின. மாமியின் முகம் இளகியது. ஓடு ஏறும்போது சட்டென்று கையை நீட்டினார்.

"நிப்பாட்டுங்க. அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் ஆர்ர?"

"ரோட்டால போற யாரோ, மாமி."

"மத்ததெல்லாம் வருது, போகுது. இது மட்டும் ஏன் லைட் கம்பத்தடியில நிக்கிது?"

தனித்தனிப் படமாகப் பார்த்தபோது நான் சுவரை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்தால், வீடு வளர வளர அந்த மோட்டார் சைக்கிளும் அங்கேயே முளைத்து நின்றது. அந்த நாளின் மூலப் படத்தைத் திறந்து பெருப்பித்தேன். ரோ படமல்லவா, இலக்கத்தகடு முதல் ஓட்டியவரின் மீசை வரை துலக்கமாக வந்தது. மாப்பிள்ளை.

"அஸர் தொழுதுட்டு நூலுக்குச் சாயம் போடுறவர்ட்ட போறன் எண்டு செல்லிட்டுத்தானே போவான்!" என்றார் மாமி. "ஒவ்வொரு நாளுமா?"

தங்கச்சி அறையில் இல்லை. குசினியில் ஏதோ கோப்பை கைதவறி விழுந்தது.

மாமி உம்மாவின் பக்கம் திரும்பினார். "சுவர் புதுசுதான் மச்சி, ஒத்துக்கிறன். இந்த மாசத்துக்குள்ளயே நாள வைங்க. இன்னும் தள்ளிப் போட்டா, ஊர்ல வேற ஆரும் படம் எடுத்துருவாங்க."