ஊதுபத்தியும் எட்டு அங்குல ஃபேனும்

விஜயகுமாரி கைப்பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்தாயிற்று. முகமது யூசுப்புக்கு முகம் வெளிறிவிட்டது.

"நக்கோ அம்மா, வேணாம்! கடை பூரா அட்டைப் பெட்டி. பத்திக்கிச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது பாய். நீங்க ஃபேனைப் போடுங்க."

செகந்திராபாத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் யூசுப்பிடம் விஜயகுமாரி வருவது இது மூன்றாவது நாள். பாத்ரூமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்க மூன்று நாளா என்று கேட்காதீர்கள். ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் மாத்திரை பேக்கிங்கில் இருந்தவர். அங்கே காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைப் புகை விட்டுத்தான் பார்ப்பார்கள். ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர், அந்தப் பழக்கத்தை மட்டும் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். "காத்து வெளியே போகணும்னா முதல்ல உள்ளே வரணும்" என்று பஸ்ஸில் ஜன்னலைச் சாத்துகிறவர்களுக்குக்கூடப் பாடம் நடத்துவார்.

பெட்டியில் அச்சடித்த எண்களை அவர் பார்ப்பதே இல்லை. புகையை இழுக்கிறதா, புறா நுழையாமல் பின்னால் ஷட்டர் இருக்கிறதா, அவ்வளவுதான். அப்புறம் சத்தம். யூசுப் பெருமையாக ஓடவிட்ட பெரிய இரும்பு ஃபேனைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"இது வேணாம் பாய். அவர் உள்ளேருந்து கூப்பிட்டா அடுப்படியில எனக்குக் கேக்கணும்."

அவர் என்றால் கணவர் ராமசுவாமி. ரயில்வே ஒர்க்ஷாப்பில் வெல்டராக இருந்தவர், இளைப்பு உண்டு. போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கையில், ஆவியில் மூச்சு முட்டிச் சுருண்டு விழுந்தார். கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். புதுக் கதவு போட்டும் அதைச் சாத்த அவருக்குப் பயம். பாதி திறந்த கதவு, வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் விஜயகுமாரி என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. மருமகள் அக்ஷதாவுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவள் ஏதாவது வாங்கக் கீழே இறங்கும்வரை, மனுஷன் கூச்சப்பட்டுத் தோளில் துண்டோடு காத்திருப்பார். அதைப் பார்க்கத்தான் விஜயகுமாரிக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் சத்தம் குறைந்த எட்டு அங்குல ஃபேன் வீட்டுக்கு வந்தது. மாட்டி முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தியைக் காட்டினார். புகை நகரவே இல்லை. கதவைத் திறந்தால் சிட்டாய்ப் பறக்கிறது, சாத்தினால் தலைக்கு மேலே மிதந்துகொண்டே நிற்கிறது. யூசுப்பை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"விடு விஜயா. தொறந்தே குளிச்சுக்கறேன். பழகிப்போச்சு" என்றார் ராமசுவாமி.

அந்தப் ‘பழகிப்போச்சு’ விஜயகுமாரியைச் சுருக்கென்று குத்தியது. ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்போதுதான் கதவின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. கருப்பு ரப்பர் பட்டை. கம்பெனியில் எந்தக் கதவுக்கடியிலும் இடுக்கு விடமாட்டார்கள் என்று, புதுக் கதவு வந்த அன்றே கரப்பான் பூச்சிக்குப் பயந்து அவரே ஒட்டியது.

"ஊருக்கெல்லாம் சொன்னேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். காய் நறுக்கும் கத்தியால் பட்டையைக் கிழித்து எறிந்ததும் கதவுக்கடியில் ஒரு விரல் இடுக்கு தெரிந்தது. மறுபடி சாத்தி, மறுபடி ஊதுபத்தி. புகை ஒரு கணம் தயங்கிவிட்டு, கோடு போட்டதுபோல் ஃபேனை நோக்கிப் போயிற்று. விஜயகுமாரி தன்னந்தனியாகக் கை தட்டினார்.

மறுநாள் காலை, அக்ஷதா ஹாலில் யாரிடமோ தெலுங்கில் மீட்டிங் பேசிக்கொண்டிருந்தாள். ராமசுவாமி அவளைத் தாண்டி பாத்ரூமுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். விஜயகுமாரி வழக்கம்போல் ஸ்டூலில். கொஞ்ச நேரம் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். பிறகு, எட்டு மாதமாகக் கேட்காத ஒன்று: உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏங்க?"

"இருக்கேன். நீ போய் வேலையைப் பாரு."

விஜயகுமாரி எழுந்து, ஸ்டூலையும் கையோடு தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.