குழாய்க்கு ஒட்டிய அம்பு

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகர் ஆகியிருந்த சமயம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் பழுது கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். விரல் நுனியில் எப்போதும் ஓர் அம்பு இருக்கும்.

வயிற்றில் பிள்ளை. எங்கள் தெருவில் குழாய் இல்லை. அடுத்த தெருவிலிருந்து குடம் சுமந்தேன். இனிமேல் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் லாரியில் போனால் எப்போது வருவார் என்று தெரியாது. வேறு யார் தூக்குவது? தூக்கினேன்.

ஒருநாள் டீ நேரத்தில் சூப்பர்வைசர் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மாநகராட்சி செய்யற வேலையெல்லாம் இப்ப நெட்டுல போட்டர்றாங்க. உங்க தெருப் பேரச் சொல்லுங்க."

சொன்னேன். தேடிப் படித்தார்.

"பொதுக் குழாய். பணி முடிந்தது."

கை தானாகப் போனது. திரையில் அந்த வரிக்கு நேராக அம்பை ஒட்டிவிட்டேன்.

"ஏனுங்க, மானிட்டர்லயா ஒட்டுவீங்க?"

"டேமேஜுங்க சார்."

அவருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. என்னோடு செக்கிங்கில் இருந்த அக்கா சிரித்துச் சிரித்துத் துணிக் குவியலில் சாய்ந்துவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே எனக்குப் பக்கத்து வீடு. அடுத்து நாங்கள் செய்ததற்கு யோசனை அவருடையதுதான்.

"குழாய் போட்டாச்சுல்லா? தெறப்பு விழா வைக்கண்டாமா? கவுன்சிலரக் கூப்பிடுவோம்ட்டி."

ஞாயிற்றுக்கிழமை தெருமுனைச் சுவருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். மாலை மாட்டினோம். குடங்களை வரிசையில் வைத்தோம். குழாய் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டிச் சுவரில் நிறைய அம்பு ஒட்டினேன். நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே ஒட்டினேன்.

கவுன்சிலர் கஞ்சி போட்ட வேட்டியில் வந்தார். சுவரைப் பார்த்தார்.

"கொழா எங்கீங்க?"

"கம்ப்யூட்டர்ல வந்துருச்சுங்க," என்றேன். "நீங்கதான் தெறந்து வெக்கோணுமுங்க."

வரிசையில் கடைசிக் குடத்துக்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார்.

அந்த வாரமே ஆள் வந்தது. நாங்கள் வேலைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் வந்து பார்த்தால் குழாய் இருக்கிறது. சரியாக அம்பு காட்டிய இடத்தில். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். குடம் அடியில் நுழையவில்லை. பைப் போட்டவர் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கீழயா வெப்பீங்க?" என்றேன்.

"நீங்கதானுங்க அம்பு போட்டு வெச்சிருந்தீங்க."

அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். மறுநாள் எல்லாருமாகச் சேர்ந்து குழாயடியில் குழி தோண்டினோம். குடத்தைக் குழிக்குள் இறக்கிப் பிடிக்க வேண்டும். நான் குனியப் போனேன். அக்கா குடத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ எறங்காதட்டி. பொறவு ஒன்னத் தூக்கத் தெருவே வரணும்."

பிள்ளை பிறக்கும்வரை என் குடத்தை அக்காதான் நிரப்பி வீட்டில் வைத்தார். பத்தடி தூரம். தண்ணீர் விடும் நேரம் நானும் போய்க் குழி ஓரம் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அங்கே வேலை இல்லை. சும்மா சிரிக்கத்தான்.