வால் அக்கா பின்தங்கவில்லை

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்தது வாஷிங் மெஷினின் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வேலை. அவளுடைய காலுறைகளிலிருந்து வந்த மணல் அடைத்திருந்தது. நான் திருகிக் கழற்ற, அவள் அடியில் தட்டைப் பிடித்தாள்.

"வீட்டுக்குள்ளயே ஒரு கடற்கரை வச்சிருக்கம்மா."

"சும்மா கெடைக்குது, வச்சுக்கடி. வெளியூர்க்காரங்க காசு குடுத்துல்ல பாக்க வராங்க."

அம்மா நடைப்பயண வழிகாட்டி. விடுமுறைக்கு வருபவர்களைப் பாறைக்கரை வழியாக அழைத்துப்போவாள். வழியில் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு பாறைமுனையைச் சுற்றியாக வேண்டும். தண்ணீர் வற்றியிருக்கும்போது மட்டுமே அங்கே கால் வைக்கத் தரை உண்டு. மற்ற வழிகாட்டிகள் கொடியோடு முன்னால் நடப்பார்கள். அம்மா எப்போதும் கடைசியில். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் வால் அக்கா.

"முன்னால போறவன் எப்படியும் போய்ச் சேந்துருவான். மூச்சு வாங்குறவங்க, ஷூ கடிச்சு நொண்டுறவங்க, நண்டப் பாத்துட்டு நிக்குறவங்க, எல்லாம் பின்னாலதானே இருக்காங்க?" என்பாள்.

புதிதாக வந்த மேலாளர், காலை உணவு முடிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று விதி போட்டார். தண்ணீர் ஏறும் நேரம் தினமும் மாறும். அவர் இட்ட நேரம் மாறாது. அம்மா சண்டை போட்டாள்.

"அக்கா, லீவுக்கு வந்தவங்க கொஞ்சம் தூங்கட்டுமே."

"கடலுக்கும் லீவு விட்டாச்சாப்பா?"

சிரித்தே அனுப்பிவிட்டார்.

அடுத்த பயணத்தில், பாறைமுனையைச் சுற்றி முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பாறையில் பதித்திருந்த இரும்பு ஏணியில் அம்மா ஒவ்வொருவராக ஏற்றிவிட்டாள். கடைசி ஆளின் இடுப்பைத் தாங்கி மேலே தள்ளினாள். அவர் திரும்பிப் பார்த்தபோது ஏணியில் யாரும் இல்லை.

நிறுவனம் தன் வாசலில் அம்மாவின் படத்தோடு அஞ்சலி ஒட்டியது. 'விதிப்படி முன்னால் நடக்காமல், குழுவிலிருந்து பின்தங்கியதால் உயிரிழந்தார்.' மேலே ஒரு மாலை வேறு.

நான் பம்ப் பொறியாளர். தண்ணீர் ஏறினால் எது முதலில் மூழ்கும் என்று சொல்வது என் தொழில். அலுவலகத்துக்குப் போய் அந்த மேலாளர் முன்னால் நின்றேன்.

"வாசல்ல ஒட்டுனதக் கிழிங்க."

"மேடம், அனுதாபத்தோடதான் எழுதியிருக்கோம்..."

"முன்னால நடந்திருந்தா எங்கம்மா உயிரோட இருப்பா. உங்க கஸ்டமர் இருந்திருக்க மாட்டார். அதையும் எழுதுங்க. அந்த நேரத்துல கிளப்பிவிட்டது யாருன்னும் எழுதுங்க."

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்."

"அம்மா சொன்னப்ப எந்த மேலிடத்தக் கேட்டீங்க?"

வாசலுக்கு வந்தேன். நானே கிழித்தேன். மறுநாள் அதே வாசகம், இந்த முறை கண்ணாடிச் சட்டத்துக்குள்.

தினமும் அந்த வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். தினமும் உள்ளே போய்க் கேட்கிறேன். "மேடம், மறுபடியுமா?" என்கிறார். மறுபடியும்தான்.

எங்கள் வீட்டுக் கதவுக் கொக்கியில் ஒரு பை தொங்குகிறது. அம்மாவின் கடைசிப் பயணத்துக்கு முந்தைய பயணத்தில் எல்லோருக்கும் பின்னால் வந்த பெண்மணி, பாறையில் மறந்துவிட்டுப் போன நீலத் தொப்பி உள்ளே இருக்கிறது. அம்மா அதைத் துவைத்து, உறையிலிட்டு, முகவரியும் எழுதிவிட்டாள். தபாலில் சேர்க்கவில்லை.