நாலு ஆப்பிளுக்கு ஒரு டம்ளர்

என் வீட்டுக்காரர் இடது கால் கட்டைவிரலில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பாடாங் செராய் ஊரே ஆப்பிள் பையோடு வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. இனிப்பு நீர்க்காரருக்கு பிஸ்கட் ஆகாது, மைலோ ஆகாது. மிச்சம் ஆப்பிள்தான். வீடு திரும்பிய அன்று ஐஸ்பெட்டியில் குழம்புச் சட்டி வைக்க இடமில்லை.

"ஒரு மாதம் பார்ப்போம். சீனி இறங்கினால் புண் ஆறும். இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முப்பது வருடம் செம்பனை லோரியில் கிளட்ச் மிதித்த கால் அது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பார்க்க வந்தவர்கள் பழத்தோடு புத்தியும் கொண்டுவந்தார்கள்.

"தோலோட குடுடி, சத்தே தோல்லதான் இருக்கு" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"தோலா? மெழுகு பூசிக் கப்பல்ல வருது அண்ணி! சீவிட்டுக் குடுங்க" என்றார் என் வீட்டுக்காரரின் பழைய லோரிக் கூட்டாளி.

சுங்கை லாலாங்கிலிருந்து என் தங்கை போன் போட்டு, "பச்சை ஆப்பிள்தான் சீனிக்கு நல்லதாம்க்கா, வாட்சப்புல வந்துச்சு லா" என்றாள். வீட்டில் இருந்ததெல்லாம் சிவப்பு! யார் பேச்சைத்தான் கேட்பது? ஒன்றில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு: ஆப்பிள் சீனியை இறக்கும்.

அவருக்குப் பொய்ப்பல். கடித்தால் பல் பழத்தோடு வந்துவிடும். அதனால் நாலு ஆப்பிளைத் தோல் சீவி, மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, ஒரு டம்ளர் ஜூஸ் எடுத்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சக்கையைத் துளசிச் செடிக்குப் போட்டேன். சோற்றைப் பாதியாக்கினேன். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இரண்டு வாரம் கழித்து வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால், ஏழைத் தாண்டக் கூடாத சீனி, பத்தில் இருந்தது பதினேழில் நிற்கிறது. மெஷினைத் தட்டிப் பார்த்தேன். பதினேழுதான்.

சந்தேகம் அவர் போய் உட்காரும் பாய் தேநீர்க் கடை மேல் விழுந்தது. நேரே போய், "இவருக்குக் களவா பாலும் சீனியும் போட்டுத் தே தாரிக் கலக்கிக் குடுக்குறீங்களா?" என்று கத்தினேன்.

"அல்லா மேல ஆணையா இல்லக்கா! வந்தா சீனி போடாத தேத்தண்ணிதான் குடிக்கிறாரு" என்றார் பாய். கடையே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்தேன். முனியாண்டி மேல் சத்தியம் செய்தார். பிறகு எப்படி ஏறியது? மண்டை காய்ந்தது. சரி, ஆப்பிள் போதவில்லை போல என்று, கடையிலும் வாங்கி, மதியமும் ஒரு டம்ளர் சேர்த்தேன்.

நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். மாதக் கடைசியில் கிளினிக்கில் மிஸ்ஸி என்ன சாப்பாடு என்று மலாயில் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாலு பழமா? மூன்று வேளையா?"

பிறகு பொறுமையாக விளக்கினார். ஆப்பிள் நல்லதுதான். ஒரு நாளைக்குச் சின்னதாக ஒன்று, தோலோடு, மென்று தின்ன வேண்டும். தோலிலும் சக்கையிலும் இருக்கும் நார்தான் சீனியைச் சட்டென்று ஏறவிடாமல் பிடிக்கும். ஜூஸில் அது இல்லை. அந்த நாரையெல்லாம் நான் துளசிக்கல்லவா கொடுத்தேன்! பக்கத்து நாற்காலியில் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வாரம் விரலை எடுத்தார்கள். ஜூஸாலா என்று டாக்டரைக் கேட்டேன். "புண் முன்பே ஆழம். ஜூஸும் நல்லது செய்யவில்லை" என்றார். இது ஆமாமா, இல்லையா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். மறுபடியும் ஆப்பிள். எதிர்வீட்டு அக்கா கட்டுப்போட்ட காலைப் பார்த்து, "இவ்வளவு பார்த்தும் போயிடுச்சே" என்று கண்ணைத் துடைத்தார்.

நான் தலையைக் குனிந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர், "இவ ஜூஸ் குடுத்துப் பார்த்துக்கிட்டதாலதான் விரலோட போச்சு. இல்லாட்டி காலே போயிருக்கும் லா" என்றார். மிஸ்ஸி சொன்னது அவருக்கு ஏறவில்லையா, என்னைக் காப்பாற்றுகிறாரா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்படியா? எங்க வீட்டுக்காரருக்கும் பதிமூனு காட்டுதுடி. எத்தனை பழம் போடணும்?"

"போடாதீங்கக்கா. ஜூஸே வேணாம். என் கையால குடுத்துத்தான் இவருக்கு ஏறுச்சு" என்று சொல்லி உடைந்து அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"அழுவாதடி. தோலோட மெல்லிசா நறுக்கு. பல்லு கழண்டா மாட்டிக்கலாம்."