அமராவதி டீச்சர் சொன்ன பெயர்

சேத்தியாத்தோப்பு பக்கத்துக் கிராமத்தில் பால்வாடி டீச்சராக அமராவதிக்குப் பதினாறு வருட வேலை. பிள்ளைகள் அழுவது அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் நான்கு வயது இளமதியின் அழுகை அவரை உலுக்கிவிட்டது.

மூன்று நாளாக அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் கொதிக்கவே, அம்மா ரேகாவும் அமராவதியும் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிறுநீர்ப் பாதையில் தொற்று.

"ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னு சொல்லலியா பாப்பா?" என்றார் டாக்டர்.

"அது ஷேம் ஷேம். சொன்னா அம்மா அடிப்பாங்க."

அமராவதிக்கு முகம் செத்துவிட்டது. ஜட்டியில்லாமல் ஓடும் பிள்ளைகளைப் பார்த்து "ஷேம் ஷேம்" என்று கைதட்டிச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

பிள்ளைகளுக்கு எல்லா உறுப்பின் பெயரையும் சொல்லித்தரச் சொல்லி, பெற்றோரைக் கூட்டிப் பேசியே தீர்வது என்று முடிவு கட்டினார். பிறப்புறுப்பு என்ற சொல்லை நாற்பத்து மூன்று வயதுவரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தார். கணவர் சிங்காரம் எட்டிப் பார்த்து, "இன்னாச்சு உனக்கு?" என்றார்.

"பழகிக்கிறேன். நீங்களும் ஒருதரம் சொல்லிப் பாருங்க."

சிங்காரம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்.

முதல் கூட்டத்துக்கு ஒன்பது அம்மாக்கள் வந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மறுநாள் டிராக்டர் ஓட்டும் இளவரசு வந்து நின்றான். அவன் மகளும் அந்தப் பால்வாடியில்தான் படிக்கிறாள்.

"பச்சப் புள்ளைங்க டீச்சர். இதெல்லாம் சொல்லிக் குடுத்துக் கெடுக்காதீங்க."

"கண்ணு, மூக்குன்னு சொல்லித் தரோமே, அதுல கெட்டுப்போச்சா தம்பி? அங்க மட்டும் பேரே அசிங்கம்னு வெச்சிட்டோம். நாளைக்கு எவனாவது தொட்டா உம் பொண்ணு எப்படி வந்து சொல்லும்?"

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கூட்டத்தை நிறுத்தச் சொல்லி யாரோ கடலூர் பால்வாடி ஆபீசுக்கு மனுப் போட்டார்கள். அமராவதி பஸ் ஏறிப் போய் நடந்ததைச் சொன்னார். நடத்துங்கள் என்றார்கள். திரும்பி வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, அப்பாக்களையும் ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்தார்.

அன்று முதலில் எழுந்தவள் ரேகா. "அடிப்பேன்னு பயந்துதான் எம் புள்ள வலியச் சொல்லல," என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குளிப்பாட்டும்போது எல்லா உறுப்பையும் பெயர் சொல்லிக் கழுவுங்கள், கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள், முத்தம் பிடிக்காவிட்டால் சொந்த மாமாவிடமும் 'வேணாம்' என்று சொல்லப் பழக்குங்கள் என்றார் அமராவதி. வயதானவர்கள் இரண்டு பேர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்கள். அவர் நிறுத்தவில்லை.

இளவரசு அன்று வரவில்லை. பத்து நாள் கழித்து, மகளை விட வந்தவன் மற்றவர்கள் போகும்வரை நின்றான்.

"எம் பொண்டாட்டிக்கு இது ஆறாம் மாசம். பாப்பா எப்படி வெளிய வரும்னு எம் பொண்ணு கேக்குது டீச்சர். என்னான்னு சொல்றது?"

அமராவதி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு தம்பி, சொல்றேன்."