கொடி அறுத்தவருக்கு எடுத்த சேலை

மூன்று சிறு துளைகள், ஒரு கேமரா, உள்ளே வைத்துத் தைக்க ஒரு வலைத்துண்டு. மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் கோவை அறுவை மருத்துவர். எழுபத்திரண்டு ஆண்டுகளாக இறுக்கமான பனியனுக்குள் நான் மறைத்துவந்த தொப்புள் புடைப்பைப் பற்றி, மிதிவண்டி டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல அவர் பேசியது எனக்கு எரிச்சலூட்டியது.

"கொடி காஞ்சு உழுந்ததும் வயித்துத் தசையில இருக்கற ஓட்டை தானா மூடிக்கணுங்கய்யா. உங்களுக்கு மூடல. இருமுனா, அழுதா, குடல் அந்த வழியா வெளிய தள்ளுது."

"கொடியை அறுத்தவர் செய்த பிழை இல்லையா?"

"யாரு எப்படி அறுத்தாலும் இது வர்றதுன்னா வருங்க. பாவம், அவங்கள ஏனுங்க இழுக்கறீங்க?"

இழுத்தவர் என் தந்தையார். துணை நின்றவன் நான்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் ஏழு வயதில் எனக்குக் காது குத்தினார்கள். சட்டையின்றித் தாய்மாமன் மடியில் அமர்ந்திருந்தேன். ஊசி இறங்கியதும் வீரிட்டு அழுதேன். அழுகைக்கு ஏற்பத் தொப்புள் உருண்டு திரண்டு வெளியே வந்தது.

"ஏனுங் மச்சான், காதுல குத்துனா வயித்துல எலுமிச்சங்காய் காய்க்குது!" என்றார் மாமன். பந்தலே சிரித்தது.

பிறர் சிரிப்பைத் தாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. தந்தையாரின் பார்வை, என் பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் மேல் விழுந்தது. பிள்ளையை முதலில் கையில் ஏந்தியவர் என்ற முறையில், அன்று அவருக்குச் சேலை எடுத்து வைத்திருந்தார்கள். அதற்காக ஓரமாக நின்றிருந்தார்.

"பையன் வயித்தக் கெடுத்துப்போட்டு, சேலைக்கு வேற வந்து நிக்கறயா?"

"நான் கட்டி அறுத்தது வெளிய இருந்த கொடியத்தானுங்க சாமி. உள்ள மூடறது என் கையிலீங்களா இருக்குது?"

படிக்காத அந்த அம்மாள் சொன்ன விடையைத்தான், இத்தனை பட்டம் பெற்ற பிறகு நான் கட்டணம் செலுத்திக் கேட்டுக்கொண்டேன். அன்றோ, சிரிப்பு என்னை விட்டு அவர்மேல் திரும்பியதில் எனக்குப் பெரும் நிம்மதி. "ஆமா, இவங்கதான் பண்ணுனாங்க!" என்று அழுகையினூடே கத்தினேன். பிறந்த அன்று நடந்ததற்கு நானே சாட்சி! பந்தலில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை. அவர் வெறுங்கையுடன் போனார். இனி அவரை எவரும் அழைக்கக் கூடாது என்று தந்தையார் ஊருக்கே சொல்லிவிட்டார்.

மறுநாள் தாயார் அந்தச் சேலையைத் துண்டில் சுற்றி என்னிடம் தந்தார்.

"கண்ணு, அந்தம்மா ஊட்டுல குடுத்துப்போட்டு வா. மனசுல வெச்சுக்க வேண்டாம்னு அம்மா சொல்லுச்சுன்னு சொல்லு. அப்பாவுக்குத் தெரிய வேண்டாஞ் சாமி."

நான் நேராகக் களத்துக்குப் போய்ப் பொட்டலத்தைத் தந்தையாரிடம் ஒப்படைத்தேன். குடும்ப மானம் காத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. "என்ர மகண்டா!" என்று முதுகில் தட்டினார். இன்று நினைத்தாலும் அந்த முதுகு கூசுகிறது.

வீடு திரும்பி நடந்ததைச் சொன்னபோது தாயார் என்னைத் திட்டவில்லை. வயிற்றின்மேல் கைவைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சேலை கைவிட்டுப் போன வருத்தம் என்றே எண்ணினேன். என் தங்கை பிறக்க இரண்டு மாதமே இருந்ததும், எங்கள் ஊரில் பிரசவம் பார்க்க அந்த அம்மாளைத் தவிர வேறு எவரும் இல்லாததும் என் அறிவுக்கு எட்டவில்லை.