இடது கை வீங்கிய வருஷம்

மார்பில் அறுவை சிகிச்சை செய்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அவை எதற்காக இருந்தன என்று எனக்குத் தெரிய வந்ததே அவை போன பிறகுதான். அடுத்த வருஷம் இடது முழங்கைக்குக் கீழே ஒரு கொசு கடித்தது. சொறிந்தேன். மறுநாள் கை சிவந்து வீங்கிக் கொதித்தது, காய்ச்சல் வேறு.

"கை வழியா வர்ற கிருமியைப் பிடிச்சு நிறுத்தறது அந்த முடிச்சுங்கதான். உங்களுக்கு அதுல நிறைய எடுத்தாச்சு. இனிமே அந்தக் கையில சின்னக் கீறல்கூட படக்கூடாது" என்றார் டாக்டர். மருந்தில் காய்ச்சலும் சிவப்பும் போயின. வீக்கம் போகவில்லை.

வலியைவிட வேறொன்றுதான் என்னை அழவைத்தது. லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவள் நான். இடது கைக்காரி. தாளம் காட்டுவது அந்தக் கைதான்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு இளம் கன்னடப் பெண். என் கணவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"ரத்தத்துக்கு இதயம் இருக்கு ஆன்ட்டி. நிணநீருக்கு அப்படி ஒரு பம்ப் கிடையாது. தசை அசையணும், தோலை மெல்ல நகர்த்தணும், அப்பதான் நல்லா ஓடும். அங்கிள், வீட்டில தினமும் நீங்கதான் செய்யணும்."

அவர் டூ வீலர் மெக்கானிக். கை வைத்ததுமே நான் கத்திவிட்டேன்.

"மெல்லகே அங்கிள், மெல்லகே! இது நட்டு இல்ல."

"இவ்வளவு லேசா தொட்டா என்னம்மா ஆகும்?"

"லேசா தொட்டாதான் ஆகும். அந்தக் குழாய்ங்க தோலுக்கு அடியிலேயே இருக்கு. முதல்ல கழுத்து, அப்புறம் தோள், கடைசியா கை."

கொஞ்சம் யோசித்தார். "ஓ, சிக்னல்ல முன்னாடி நிக்கற வண்டியை முதல்ல கிளப்பற மாதிரி."

"ஹௌது அங்கிள், அதேதான்!" என்று கைதட்டினாள் அவள்.

மறுநாளிலிருந்து கடை திறக்குமுன் நகத்தை ஒட்ட வெட்டிய கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் நீங்கள் என் கையைப் பிடித்ததில்லை என்றேன் ஒருநாள். "சும்மா இரு, தடவற எண்ணிக்கை தப்புது" என்றார். காது சிவந்திருந்தது.

மூன்று மாதத்தில் வீக்கம் நன்றாக வடிந்தது. பாட்டுக்குக் கை அசைக்கலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "கையை இறுக்கிப் பிடிக்கிற அழுத்த உறையைப் போட்டுக்கிட்டு தாராளமா அசைங்க ஆன்ட்டி. அதுவும் பயிற்சிதான்" என்றாள் அந்தப் பெண்.

அந்த ஞாயிறு சாயங்காலம் குழுவின் முன்னால் நின்றேன். உறை போட்ட கையைத் தூக்கியதும் முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். "அழுதா சுருதி போயிடும்" என்று அதட்டினேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரே பாட்டை நாலு தடவை பாடினோம். கை கனக்கவே இல்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தேன். ஃப்ளைஓவர் ஏறும்போது அவரும் சேர்ந்துகொண்டார், வேறு ஏதோ சுருதியில். நான் திருத்தவில்லை.